சர்ஜன் குடும்பம்

ஐம்பதைத் தாண்டிய ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால் உறவுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு வாழ்த்துவார்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் மறந்துவிடுவார்கள். மறக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள்தான். இங்கே அந்த ஆள் அவனுடைய தங்கை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் அண்ணன்தான் தட்டிக்கழித்தான் என்று சித்தி ஒரு நாள் சொல்வாள். அவனுக்கு வந்ததையெல்லாம் தங்கைதான் கலைத்துவிட்டாள் என்று இன்னொரு நாள் சொல்வாள். சும்மா இருந்தால் சித்திக்கு வாய் வலிக்கும். உண்மையில் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. இருவருக்கும் அந்த வீடு சௌகரியமாக இருந்தது. ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவினார். அப்படியே காலம் ஓடிவிட்டது.

அப்புறம் அண்ணன் ஆபீஸ் பயிற்சிக்கென்று எங்கோ போனான். போன இடத்தில் தன்னைப் போலவே கல்யாணத்தைக் கோட்டைவிட்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான். நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் தங்கைக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணிக்கு வேலை வேறு நாட்டில். அண்ணனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். பழைய சட்டைகளையும், கூடத்தில் சுவரோரமாக நின்ற நாலடி மீன்தொட்டியையும் விட்டுவிட்டுப் போனான்.

உப்புத்தண்ணீர்த் தொட்டி. வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது தொட்டி இல்லை, மாமியார். எத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருக்கும். உப்பு கூடிவிட்டது என்னும், சூடு குறைந்துவிட்டது என்னும், பம்பில் அடைப்பு என்னும். தங்கை பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க யார் யாருடையதோ வாயின் அச்சை மேஜையில் வைத்துக்கொண்டு மெழுகில் பல் பதிப்பாள். வாய்களை அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்த வாய்க்காரர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இந்த மாமியார். ஆனாலும் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அண்ணன் வீடியோவில் கூப்பிடுவான். அவன் முகம் ஒரு நொடி தெரியும். உடனே, "தொட்டியக் காட்டு" என்பான். அவள் ஃபோனைத் திருப்பிப் பிடிப்பாள். அப்புறம் பேச்செல்லாம் தண்ணீர், விளக்கு, பாறை, நத்தை. நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்பதில்லை. தண்ணி எப்படி இருக்கு என்றுதான் கேட்பான். அதைத் தன்னைக் கேட்டதாகவே அவள் எடுத்துக்கொள்வாள். திங்கள் முதல் சனி வரை அவள் வாய் திறந்து பேசுவது லேபில் "மெழுகு தீர்ந்துபோச்சு" என்பது மாதிரி நாலு வார்த்தைதான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

தொட்டியில் ஒரு மஞ்சள் டாங் இருந்தது. தட்டையாக, ஓர் உள்ளங்கை அளவில், எலுமிச்சை நிறத்தில் ஒரு மீன். பாசி தின்னும். பாறையிலும் கண்ணாடியிலும் பச்சை பிடிக்காமல் அதுதான் மேய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் போன புதிதில் சித்தி ஃபோன் செய்து, "அவனுக்கு ஆச்சு. இனி உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துட்டா என் கடமை முடிஞ்சுது" என்றாள். தங்கை ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், மஞ்சள் மீன் கண்ணாடியோரம் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் அதுதான். மாப்பிள்ளை என்றால் மரியாதை வேண்டாமா? வாங்க, போங்க, சாப்பிடுங்கதான். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்க வீட்டில் வேறு ஆளும் இல்லை. அண்ணனிடம்கூட இந்தப் பெயரைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த மாப்பிள்ளை ஒரு நாள் செத்துப்போனார். வேலையிலிருந்து வந்து பார்த்தால் பம்புக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தார். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மீனுக்காக இப்படியா அழுவார்கள் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அவள் விக்கி விக்கி அழுதாள். பூந்தொட்டி மண்ணில் புதைத்தாள். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. அவன் கேட்டபோதெல்லாம், "பாறைக்குள்ள இருக்கும்ணா" என்று சமாளித்தாள்.

ஆனால் பாசி சமாளிக்க விடுமா? மேய ஆள் இல்லை என்று தெரிந்ததும் அதற்குக் கொண்டாட்டம். முதலில் கண்ணாடியில் ஒரு பூச்சு, அப்புறம் பாறையெல்லாம் தலைமயிர் மாதிரி பச்சை. லேபில் பழசாகிப்போன பிரஷ்களைக் கொண்டுவந்து அவள் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலி கண்டதுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பார்த்துவிட்டான்.

"என்னம்மா இது, தொட்டியா தோட்டமா?"

"சுத்தம் பண்ணிட்டு இருக்கேன்ணா."

"முடியலன்னா சொல்லிடு. மீன் கடைக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. உனக்கும் தொல்லை விட்டுது."

தொல்லை விட்டுதாம்! தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எதன் பக்கம் திருப்புவது? சுவரின் பக்கமா? தொட்டி போனால் கூப்பிட அவனுக்கு ஒரு சாக்கு இருக்காது. முதலில் ஒரு வாரம் தவறும், அப்புறம் ஒரு மாதம் தவறும், அப்புறம் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து வரும். அடுத்த ஞாயிறுக்குள் இன்னொரு டாங் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தாள். அதே மஞ்சளாக வாங்கிவிட்டால் பழையது போனதே அவனுக்குத் தெரியப்போவதில்லை.

மீன் கடைக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் பம்புகளின் இரைச்சல். அதற்குள்ளேயே வருஷக்கணக்காக நின்று பழகிய கடைக்காரம்மாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. முழங்கை வரை ஈரம். உள்ளே வந்தவளைப் பார்த்ததும், "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று ஏதோ ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவளைக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

டாங் மீன் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று மஞ்சள். அண்ணனுடையதை அச்செடுத்த மாதிரி இருந்தது. தங்கைக்கு அப்பாடா என்று ஆகிவிட்டது. இன்னொன்று பழுப்பு. உடம்பில் மெல்லிசாகக் கோடுகள், கண்ணைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம், அதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"அந்த மஞ்சளக் குடுத்துடுங்க" என்றாள்.

"அவசரப்படாதீங்கம்மா. டாங் வாங்க வந்தா அது சாப்பிடறத நம்ம கண்ணால பார்க்கணும். பார்க்காம வாங்கவும் கூடாது, நான் விக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரம்மா காய்ந்த கடல்பாசித் தாளைக் கிள்ளி இரண்டு தொட்டிகளிலும் கிளிப்பில் மாட்டினாள்.

பழுப்பு பாய்ந்து வந்தது. மஞ்சள் இருந்த இடத்திலேயே நின்றது. கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. "வந்ததுலேர்ந்து வாயே வைக்கல. என்ன ஏக்கமோ, யார் கண்டா?" என்றாள் கடைக்காரம்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி ஃபோன் செய்தாள். சித்தி ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள். கண் மீன்மேல் இருக்க, கை ஃபோனில் இருக்க, வீட்டுக்குள் மட்டுமே புழங்கிய பேச்சு தங்கையின் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. "சித்தி, மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று சொல்லி ஃபோனைக் கைப்பையில் போட்டாள். போட்டாளே தவிர, கட் செய்யவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

"நிறத்தைப் பார்க்காதீங்க!" என்று கடைக்காரம்மா பம்புகளுக்கு மேலே கத்தினாள். "நிறத்தை வச்சா குடும்பம் நடத்தப்போறீங்க? இது சர்ஜன் குடும்பம்மா! பொறக்கும்போதே கத்தியோட பொறந்த குடும்பம்!"

டாங் மீன்களுக்கு வாலடியில் சவரக்கத்தி மாதிரி ஒரு முள் உண்டு. அதனால்தான் அந்த இனத்துக்கே சர்ஜன் என்று பெயர். தங்கைக்கு இது தெரியும், அண்ணன் சொல்லியிருக்கிறான்.

"சாப்பாட்டுல குறை வைக்கக்கூடாது. சுத்த சைவம். இன்னொருத்தர் கூட இருந்தா ஒத்துக்காது, தனிக்குடித்தனம்தான் சரிப்பட்டு வரும். மத்தபடி தங்கமான குணம், உங்க வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம்!"

தங்கை பழுப்பு மீனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கண்ணாடியோரம் வந்து உதட்டை வைத்து அழுத்தியபோது உள்ளே பல் தெரிந்தது. நம் பல் மாதிரி இல்லை, சீப்பு மாதிரி, மெல்லிசாக வரிசை வரிசையாக. கண்ணாடியில் படிந்ததை அப்படியே வழித்து எடுத்தது. இத்தனை வருஷமாகப் பல் பார்க்கிறவள், இப்படி வேலைக்கென்றே செய்த பல்லைப் பார்த்ததில்லை. அந்த மஞ்சளைக் கூட்டிக்கொண்டு போனால் பொய் நிற்கும், மீன் நிற்காது. இன்னொரு மாப்பிள்ளையைப் புதைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"பழுப்பையே குடுங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க! நீளமா வளர்ந்த பாசியக் கையால பிடுங்கிப் போட்டுடுங்க. மிச்சத்தை இவரே பார்த்துக்குவார்."

பழுப்பு என்றால் அண்ணனிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே ஒத்திகை பார்த்தாள். அண்ணா, பழசு செத்துப்போச்சு. அண்ணா, கோவிச்சுக்காத. அண்ணா, நான் நல்லாத்தான் பார்த்துக்கிட்டேன், எப்படின்னு தெரியல. வீட்டுக்கு வந்து பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, புது மாப்பிள்ளையைப் பக்குவமாக இறக்கினாள். அவர் உடனே பாறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அவளும் வற்புறுத்தவில்லை. மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டார். கண்ணாடியின் பச்சையில் உதட்டுத் தடங்கள் வரிசையாக விழுந்தன. சனிக்கிழமை பார்த்தால் ஒரு பக்கக் கண்ணாடி முழுக்கத் தெளிந்துவிட்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்போது ஞாயிறு வரும், எப்போது காட்டுவோம் என்று இருந்தது. சொன்னால் அண்ணன் ரெண்டு திட்டு திட்டுவான். திட்டினால் என்ன, திட்டுவதற்கும் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

ஞாயிறு வந்தது. ஃபோன் வழக்கத்தைவிட முன்னாலேயே அடித்தது. எடுத்தால் அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு திரை முழுக்கத் தெரிந்தார்கள்.

"ஏம்மா, என்கிட்டயே மறைச்சுட்டியே!" என்றான் அண்ணன்.

அவளுக்குத் திக்கென்றது. "அண்ணா, இன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"சித்தி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"சித்திக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஃபோனை வைக்காமலே பேசியிருக்க. மாப்பிள்ளை பார்க்க நீயே தனியாப் போயிருக்க, எவ்வளவு தைரியம் உனக்கு! சர்ஜன் குடும்பமாமே? தனியா இருக்கறவராமே? வரன் கொண்டுவந்த அம்மா அவ்வளவு உசத்தியாச் சொன்னாங்களாம்!"

தங்கைக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் விளங்கியது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பியது. அட சித்தி! உன் காதில் இடி விழ! அண்ணா, அது மீன்ணா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அழுது அவள் பார்த்தது அப்பா போன அன்றைக்கு மட்டும்தான். "உன்னைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனேன்னு ஒரு நாளும் சோறு இறங்கலம்மா" என்றான். "இப்பதான் மூச்சு வருது."

அண்ணி அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாது. மனசு நிறைந்த சந்தோஷத்தில்தான் அதைச் சொன்னாள்: "உண்மைதான், நாத்தனாரே. ஞாயித்துக்கிழமை விடிஞ்சாலே இவர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். கூப்பிடணுமே, கூப்பிட்டு என்ன பேசறது, மீனப் பத்தியே எத்தனை நாள் பேசறதுன்னு ஒரே புலம்பல். சாப்பாடு வேண்டாம்பார், வெளிய போலாம்னா வேண்டாம்பார். இன்னைக்குத்தான் சிரிச்சுக்கிட்டே ஃபோனை எடுத்தார். நாங்க நேத்து பூரா உங்களைப் பத்தியேதான் பேசிட்டு இருந்தோம்."

"ஆமாம்மா, நாங்க..." என்று அண்ணனும் தொடங்கினான்.

நாங்க. அந்த வீட்டில் அவளும் அவனும் இருந்த காலமெல்லாம் புழங்கிய சொல் ‘நாம’. நாம என்ன சமைக்கலாம், நாம எப்போ சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். இப்போது ‘நாங்க’ என்றால் அவள் அதற்கு வெளியே நிற்கிறவள். சரி, கல்யாணமானவன் அப்படித்தான் சொல்வான், தப்பில்லை. ஆனால் அவள் வாரம் முழுக்க எண்ணி எண்ணிக் காத்திருந்த அந்த மத்தியானம் அவனுக்கு விடிந்ததிலிருந்து ஒரு பாரமாக இருந்திருக்கிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கேட்டேனா? பாவம் பார்த்தா என்னைக் கூப்பிட்டாய்? அந்தக் கோபம் தொண்டை வரை வந்து அங்கேயே கரைந்தது. கழற்றிய கண்ணாடியோடு அவன் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. அது மீன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகத்தில் பழையபடி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கும் ஃபோன் வரும், கடைசி வரைக்கும் வாராவாரம் வரும். இனிமேல் அதை எப்படி எடுத்துப் பேசுவது?

"எப்படிம்மா இருக்கார்? உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று அண்ணன் கேட்டான்.

"பிடிச்சிருக்குண்ணா." அவள் கண் தொட்டியின் பக்கம் போனது. "ரொம்பப் பேசமாட்டார். நல்லா சாப்பிடறார். வீட்டைச் சுத்தமா வச்சுக்கறார்."

"அது போதும்மா! அது போதும்! எங்களுக்கு எப்போ காட்டப்போற?"

"இப்ப வேண்டாம்ணா, கொஞ்சம் கூச்ச சுபாவம். அப்புறம், இன்னொண்ணு." ஃபோனைக் கை மாற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க வெளிய போயிடுவோம். இந்த நேரத்துக்கு நீ கூப்பிட்டா எடுக்க முடியாது. ஏதாவது விசேஷம்னா நானே கூப்பிடறேன்."

"சரிம்மா" என்றான் அண்ணன். உடனே சொன்னான். வாய்க்குள்ளேயே தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தா அதுவே போதும். நேரம் கிடைக்கும்போது கூப்பிடு."

தொட்டியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. அண்ணி கையசைத்தாள், திரை இருண்டது. தங்கை ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பொய் என்றைக்காவது வெடிக்கும். சித்தி இருக்கும்போது எது வெடிக்காமல் இருந்திருக்கிறது? வெடிக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அவன் நிம்மதியாகச் சாப்பிடட்டும். இப்படி நினைத்துக்கொண்டே அழுதாள். மீனுக்கு அழுததைவிட இது கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவே, அந்த நேரத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே போவதென்று தெரியவில்லை. கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த செருப்புக் கடை ஒன்றின் முன்னால் நின்று, வேண்டாத செருப்புகளை வேடிக்கை பார்த்தாள். ஃபோன் அடித்தால் எடுக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். வீதிச் சத்தத்தில் காதில் விழாமல் போய்விடக் கூடாதே என்று ஒலியை முழுக்க ஏற்றி, கைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் வெளியே வந்து, "என்ன சைஸ்ம்மா?" என்று கேட்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள். ஃபோன் அடிக்கவில்லை.